செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர், செயற்குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, நவராத்திரி, ஒளிவிழா எல்லாம் வழமைபோல் நடந்தன. ஒளிவிழாவில் கொத்துரொட்டி வேளைக்கே முடிந்துவிட்டது என்ற முறைப்பாடும் வழமைபோல் வந்தது. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நாங்கள் போட்ட உதவி மேசையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வந்த இளம் பெற்றோரில் அநேகர் கேட்டது ஒரே விடயம்: சைல்ட் கெயார் (பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு) காசு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அவுஸ்திரேலிய அரசின் சைல்ட் கெயார் மானியம் இப்போதைய வடிவில் 2018 ஜூலையில் தொடங்கியது. காசு எங்கள் கைக்கு வராது. நேரே பிள்ளையைப் பார்க்கும் நிலையத்துக்குப் போகும், மிச்சத்தை நாங்கள் கட்டுவோம். 2025–26 இல் குடும்பத்தின் வருட வருமானம் 85,279 டொலர் வரை என்றால் கட்டணத்தில் 90 வீதம். அதற்கு மேல் ஒவ்வொரு 5,000 டொலருக்கும் 1 வீதம் குறையும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இருவர் உழைப்பும் சேர்த்து வருடம் 135,000 டொலர், நிலையம் பத்து மணித்தியால நாளுக்கு 140 டொலர் கேட்கிறது என்று வையுங்கள். மானியம் ஏறக்குறைய 80 வீதம், அதாவது 112 டொலர். உங்கள் பங்கு 28. ஐந்து வயதோ அதற்குக் குறைவோ ஆன இரண்டாவது பிள்ளையும் போனால் அந்தப் பிள்ளைக்கு 95 வீதம். நாளுக்கு 7 டொலர்தான். "ரெண்டு பேரையும் விட்டால் என்ர சம்பளம் முழுக்க அதுக்கே போயிடும்" என்று வேலையை விட்டுவிட்டு இருந்த ஒரு தாய், இந்தக் கணக்கைத் தாளில் பார்த்த பிறகுதான் திரும்ப வேலை தேடத் தொடங்கினார். இப்படி இன்னும் சிலர்.

ஆனால் ஒரு பொறி உண்டு. 2025–26 இல் அரசு மணித்தியாலத்துக்கு 14.63 டொலர் வரைதான் கணக்கில் எடுக்கும். அதே நிலையம் கட்டணத்தை 170 ஆக்கினால் உங்கள் பங்கு 28 இலிருந்து ஏறக்குறைய 53 ஆகிவிடும். கூடின 30 டொலரில் 25 எங்கள் தலையில். நிலையம் தேடும்போது விளையாட்டுத் திடலைப் பார்ப்பது சரி, மணித்தியாலக் கட்டணத்தையும் கேளுங்கள்.

2026 ஜனவரி 5 முதல் ஒரு நல்ல மாற்றம் வந்துள்ளது. முன்பு இரண்டு பெற்றோரில் யார் குறைவாக வேலையோ படிப்போ செய்கிறாரோ, அவரை வைத்துத்தான் மானிய மணித்தியாலங்களைத் தீர்மானித்தார்கள். தாய் வீட்டில் இருந்தால், குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இரு வாரத்துக்கு 24 மணித்தியாலம்தான். இனி தகுதியுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் இரு வாரத்துக்குக் குறைந்தது 72 மணித்தியாலம், அதாவது வாரத்தில் மூன்று நாள். வட்ஸ்அப்பில் சுற்றுவதுபோல் இது "மூன்று நாள் இலவசம்" அல்ல. மானியம் மூன்று நாளுக்கும் உண்டு, உங்கள் பங்கைக் கட்டத்தான் வேண்டும்.

மேசைக்கு வந்தவர்களில் தகுதி இல்லாமல் மானியத்தை இழந்தவர்கள் குறைவு. கடுதாசி வேலையில் இழந்தவர்களே அதிகம். ஊபர் ஓட்டுபவர்களுக்கும் முதியோர் பராமரிப்பில் கசுவல் வேலை செய்பவர்களுக்கும் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். மானியத்தைக் கவனிக்கும் அரச அலுவலகமான சென்ரலிங்குக்குக் குறைத்துச் சொன்னால் வருட முடிவில் கடன் வரும். அதற்காகவே மானியத்தில் 5 வீதத்தை முதலிலேயே பிடித்து வைக்கிறார்கள். சில வேளை அதுவும் போதாது. வரிப் படிவத்தை இருவரும் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தால் மானியம் நின்றுவிடும். "கணக்காளர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்த ஒரு குடும்பத்துக்கு முழுக் கட்டண பில் வந்த பிறகுதான் விடயம் தெரிந்தது. தடுப்பூசிப் பதிவும் சரியாக இருக்க வேண்டும். ஊரில் போட்ட ஊசிகளை இங்குள்ள பதிவேட்டில் வைத்தியர் மூலம் ஏற்றிவிடுங்கள்.

விசா விடயம் மனவருத்தம் தருவது. நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை. மாணவர் விசா, தற்காலிக வேலை விசாவில் உள்ளவர்களுக்கோ பொதுவாக இந்த மானியம் இல்லை. விசா முடிவு வரும்வரை கொடுக்கும் பிரிட்ஜிங் விசாவில் வருடக்கணக்காக இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் இல்லை. அவர்களும் இங்கே வேலை செய்து வரி கட்டுபவர்கள்தான். இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அவர்களுக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கள் விக்ரோறியா மாநிலத்தில் 2023 முதல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள நிலையங்களில் கிண்டர் (பள்ளிக்கு முந்தின பாலர் வகுப்பு) இலவசம். குடியுரிமை கேட்பதில்லை. நான்கு வயதுக்கு வாரம் குறைந்தது 15 மணித்தியாலம், தகுதி பெற்ற ஆசிரியர் நடத்துவது. அகதி, புகலிடக் கோரிக்கையாளர் குடும்பங்களின் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஏர்லி ஸ்ராட் கிண்டர் என்று தனியாக 15 மணித்தியாலம் உண்டு. மூன்று வயதுக் கிண்டருக்கு அந்த வருடம் ஏப்ரல் 30 க்குள் பிள்ளைக்கு மூன்று வயது நிறைய வேண்டும். பதிவு முந்தின வருடமே தொடங்கிவிடும். பல இடங்களில் நகரசபை ஊடாகத்தான். சைல்ட் கெயாருக்குள்ளேயே கிண்டர் நடந்தால் அங்கே கட்டணத்தில் கழிவு கிடைக்கும், ஆனால் ஒரு நிலையத்தில் மட்டும்தான் கேட்கலாம்.

அம்மம்மா பார்க்கும்போது கிண்டர் எதற்கு என்று மூத்த அங்கத்தவர்கள் கேட்டார்கள். அம்மம்மாவிடம் தமிழ் வரும், சோறும் வயிறு நிறையப் போகும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விசிட்டர் விசா முடிந்து அவர் யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு என்ன செய்வது என்பதை அதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

2026 க்குச் செயற்குழு சபையிடம் கேட்பது இரண்டு: உதவி மேசையை ஜூலை, ஓகஸ்ற் வரிக் காலத்தில் வாராவாரம் நடத்த அனுமதி, ஒரு பிரின்ரர் வாங்கச் சிறு தொகை. அரச சேவைகளுக்கான இணையக் கணக்கான மைகவ் கணக்குத் திறக்கக் கைகொடுக்கக்கூடிய இளையோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும். அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்