சேணத்தில எனக்கும் இடம் இருக்கு: விளையாட்டுத்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விளையாட்டுத்துறை அதிகாரிகளுக்கும் குதிரையோட்டப் போட்டியள நடத்திற ஆக்களுக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். 2009இல எனக்கு ஒன்பது வயது, அந்த வருசம்தான் இடது கால் முழங்காலுக்குக் கீழ போனது. எப்பிடிப் போனது எண்டு இதில எழுதப் போறேல்லை, அதைப் பற்றி எழுதினா இந்தக் கடிதம் வேற கடிதமாப் போயிடும். எனக்குப் போட்டியில குதிரை ஓடோணும், அதுக்குத்தான் எழுதிறன்.

எங்கட பக்கம் சவாரி எண்டா மாட்டுவண்டிச் சவாரிதான். என்ர அம்மப்பா சவாரி மாடு வளத்தவர், காலமை எழும்பி மாட்டின்ர முதுகைத் தடவிப் பாக்காமல் தேத்தண்ணி வாயில வைக்க மாட்டார். நான் குதிரை பழகப்போறன் எண்டு சொல்ல வீட்டில எல்லாரும் பயந்திட்டினம், அவர் மட்டும்தான், "மிருகத்துக்கு உனக்குக் கால் ஒண்டோ ரெண்டோ எண்டு கணக்கில்லைப் பிள்ளை, உன்ர கை பதறினா மட்டும் அதுக்கு உடன தெரியும்" எண்டார். அது எவ்வளவு உண்மை எண்டு பிறகுதான் விளங்கினது.

ரெண்டு வருசமா மாசத்தில ஒருக்கா இரவு பஸ் ஏறித் தெற்கில ஒரு இடத்துக்குப் போய்ப் பழகினன். எல்லாரும் இடது காலை அங்கவடியில, அதுதான் சேணத்தில தொங்கிற கால் வளையத்தில, வச்சு இடப்பக்கத்தாலதான் ஏறிறது, எனக்கு அந்தக் கால்தான் இல்லை. அங்க குதிரை பாக்கிற ஐயா ஒருத்தர், அவருக்குத் தமிழ் தெரியாது எனக்குச் சிங்களம் அரைகுறை, ஒரு வயசான பெட்டைக் குதிரையை வலப்பக்கத்தால ஆள் ஏறினாலும் அசையாமல் நிக்கப் பழக்கி எடுத்தார், கருப்பட்டித் துண்டு குடுத்துக் குடுத்து. பொய்க்கால் பாதத்துக்கு உணர்ச்சி இல்லைத்தானே, அது அங்கவடிக்குள்ளால வழுக்கிப் போய் இறுகிட்டா விழேக்க குதிரை இழுத்துக்கொண்டு ஓடும், அதுக்காக முன்பக்கம் கூண்டு வச்ச அங்கவடி போட்டுத் தந்தார். இடக்காலால அழுத்திச் சொல்ல வேண்டியதை நான் இடக்கையில பிடிக்கிற சவுக்கால தொட்டுச் சொல்லுவன், அடிக்கிறேல்லை, தொடுறது மட்டும்தான். முதல் நாள் அவள் அந்தத் தொடுகைக்குச் சரியா வலப்பக்கம் விலகேக்க எனக்கு அழுகை வந்திட்டுது.

இவ்வளவும் பழகிப்போட்டு ஒரு போட்டிக்குப் பேர் குடுக்கப் போனன். படிவத்தில எனக்கு எண்டு ஒரு பிரிவு இல்லை. "சும்மா ஆசைக்கு ரெண்டு ரவுண்ட் போங்கோ தங்கச்சி, போட்டியெல்லாம் எதுக்கு, விழுந்தா ஆர் பொறுப்பு?" எண்டு கேட்டினம். அன்பாத்தான் கேட்டவை, அதுதான் கூட நொந்தது.

விழுறது எல்லாருக்கும் பொது. டென்மார்க்கில லிஸ் ஹார்ட்டெல் எண்ட அம்மாவுக்கு 1944இல போலியோ வந்து முழங்காலுக்குக் கீழ வழங்காமல் போனது. ஏறவும் இறங்கவும் ஆள் தூக்கிவிடோணும், ஆனா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில ட்ரெஸாஜ் போட்டியில ஆம்பிளையளோட போட்டி போட்டு வெள்ளி எடுத்தவ, 1956இல திரும்பவும் வெள்ளி. ட்ரெஸாஜ் எண்டது பாயிற போட்டி இல்லை, ஓடுபவரும் குதிரையும் எவ்வளவு ஒத்துப்போகினம் எண்டு பாத்துப் புள்ளி போடுறது. மாற்றுத்திறனாளியளுக்கான ஒலிம்பிக், அதுதான் பாராலிம்பிக், அதில 1996இல இருந்து ஒவ்வொரு முறையும் இது இருக்கு. ஐந்து தரமாப் பிரிச்சிருக்கினம், ஆகக் கடுமையான இயலாமை உள்ள ஆக்கள் முதலாம் தரத்தில, அவை குதிரையை நடக்க வச்சாக் காணும். கயிற்றில வளையம் போட்ட கடிவாளம், ரெண்டு சவுக்கு, இதுகளுக்கெல்லாம் விதியில இடம் இருக்கு, நான் ஒரு சலுகையும் புதுசாக் கேக்கேல்லை.

நாடு இதை அறியாத நாடும் இல்லை. டோக்கியோ பாராலிம்பிக்கில எங்கட தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் ஈட்டி எறிஞ்சு உலக சாதனையோட தங்கம் எடுத்தவர், அதே வருசம் டோக்கியோ ஒலிம்பிக்கில மத்தில்டா கார்ல்சன் இலங்கைக்காகக் குதிரை ஓடினவ. இந்த ரெண்டையும் ஒண்டாச் சேத்துப் பாக்கச் சொல்லித்தான் கேக்கிறன். மாற்றுத்திறனாளியளின்ர உரிமை பற்றின ஐநா உடன்படிக்கையை 2016இல இலங்கை ஏற்றுக்கொண்டது, அதின்ர 30ஆவது உறுப்புரையில விளையாட்டும் இருக்கு.

அடுத்த தேசியப் போட்டியில ஒரு பாரா பிரிவு வையுங்கோ, மூண்டு பேர் வந்தாலும் வையுங்கோ. தரம் பிரிக்கிறது டொக்டரும் பிசியோவும்தான், அதுக்கு இஞ்ச இருந்தும் ரெண்டு பிசியோக்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கோ, இந்த மண்ணில கால் இழந்த ஆக்களைப் பாத்துப் பாத்து அவைக்கு இருக்கிற அனுபவம் கொஞ்சமில்லை. வடக்கில 20க்கு 40 மீற்றரில மணல் போட்ட ஒரு இடமும், ரெண்டு அமைதியான குதிரையும் வேணும். நெடுந்தீவுக் குதிரையளப் பிடிக்கலாமே எண்டு கனபேர் என்னட்டச் சொல்லிப்போட்டினம், தயவுசெய்து அந்தக் கதை வேண்டாம், அதுகள் கட்டில்லாமல் திரியிற குதிரையள், வெயில் காலத்தில தண்ணிக்குப் படுற பாடே காணும், அதுகளை அப்பிடியே விடுங்கோ.

ஏறுறதுக்கு ஒரு மேடையும் வேணும். எங்கட ஒழுங்கையில இருக்கிற மேசன் அண்ணை அதைக் கடதாசியில கீறித் தந்திருக்கிறார், ஒரு பக்கம் மூண்டு படி, மற்றப் பக்கம் வீல்செயார் ஏறுற மாதிரிச் சரிவு. கல்லும் சீமெந்தும் நாங்கள் சேப்பம், கூலி வேண்டாம் எண்டு அவர் சொல்லிப்போட்டார். எங்க கட்டிறது எண்டு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு குதிரையோட்ட வீராங்கனை