பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி

அல் குசைஸ், துபாய்

தம்பிக்கு அக்கா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். போன்ல சொன்னா அம்மா ஸ்பீக்கர் போடச் சொல்லும், அதான் கடுதாசி. படிச்சுட்டு உன் வீட்டுக்காரிகிட்டயும் குடு, அவளுக்கும் சேத்துத்தான் எழுதுறேன்.

ஆஃபர் லெட்டர் பாத்தேன். மாசம் 7,500 திர்ஹம். பொண்டாட்டிக்கு விசா எடுக்க 4,000 சம்பளம் காட்டினா போதும். கம்பெனியே வீடு குடுத்தா 3,000. அந்தக் கணக்குல நீ பாஸ். ஆனா சம்பளம் பத்துதுன்னு நம்பி வந்து இறங்குற ஜோடிங்க ஆறே மாசத்துல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஊர்ல ஒழுங்கா இருந்தவங்கதான். இங்க சண்டைக்கு வெளிய போற வழி கிடையாது, அவ்ளோதான்.

நம்ம தண்டையார்பேட்டையில யோசிச்சுப் பாரு. காலையில வாய்த்தகராறு வந்தா இவ பையைத் தூக்கிக்கிட்டு ஷேர் ஆட்டோ ஏறி பழைய வண்ணாரப்பேட்டையில அம்மா வீட்டுல போய் உக்காந்துடுவா. அவன் கல்மண்டபம் பக்கம் போய் டீ குடிச்சிட்டு நிப்பான். சாயந்தரம் யாராவது ஒரு பெரியம்மா நடுவுல பூந்து ரெண்டு பேரையும் திட்டும். ராத்திரி சாப்பாடு ஒண்ணா நடக்கும், யாரும் மன்னிப்பே கேக்க வேணாம். இங்க அம்மா வீடு நாலு மணி நேர ஃப்ளைட். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பகல்ல கீழ இறங்கி நடக்கக்கூட முடியாது, வெயில் 40 டிகிரிக்கு மேல. ஒரு ரூம், ஒரு ஏசி, ரெண்டு கோவம்.

அதனால பார்ட்டிஷன் ரூம் எடுக்காதே. வாடகை கம்மின்னு ஆசை காட்டுவாங்க. ஹாலை ஜிப்சம் போர்டு வெச்சு மூணாப் பிரிச்சிருப்பாங்க. ஏசி காத்து எல்லாருக்கும் போகணுமே, போர்டை சீலிங் வரைக்கும் ஏத்தாம மேல இடைவெளி விட்டிருப்பாங்க. அது வழியா காத்து மட்டுமா போகும்? பக்கத்து ஆள் இருமுறது, கொட்டாவி விடுறது எல்லாம் கேக்கும். அதுல குடியிருக்கிற புருஷன் பொண்டாட்டி சண்டை போடுறது எப்படித் தெரியுமா? ஒரே கட்டில்ல முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டு, வாட்ஸ்அப்புல. இந்தப் பக்கம் டைப் பண்ணினா அந்தப் பக்கம் டிங்னு வரும். கத்திப் போட்ட சண்டை ரெண்டு நாள்ல மறந்துடும். இது போன்லயே கிடக்கும். மூணு மாசம் கழிச்சு "பதினாலாம் தேதி நீ இன்னா சொன்னே பாரு"ன்னு எடுத்துக் காட்டலாம். அனுமதி இல்லாத தடுப்பை முனிசிபாலிட்டி எப்ப வேணாலும் வந்து பிரிக்கச் சொல்லும், அது வேற பேஜார். போதாததுக்கு பார்ட்டிஷன் விடுறவன் உன் பேர்ல ஈஜாரி பதிஞ்சு தர மாட்டான். வாடகை ஒப்பந்தத்தைப் பதியறதுக்கு இங்க அதுதான் பேரு. அது இல்லாம அவளுக்கு விசா போட முடியாது.

சின்ன ஸ்டூடியோவாப் பாரு. வருஷம் 42,000னு வெச்சுக்க. மாசாமாசம் குடுக்கிறது இல்லை, பின்னாடி வர்ற தேதி போட்ட செக் நாலு, மூணு மாசத்துக்கு ஒண்ணு. முதல் செக் 10,500, அட்வான்ஸ் 5 சதவீதம் 2,100, ஏஜென்ட் கமிஷனும் அதே 5 சதவீதம்னா 2,100, கரண்ட் தண்ணி டெபாசிட் 2,000. ஆக 16,700, இன்னும் குக்கர்கூட வாங்கலை. அப்புறம் தேவா பில், அதான் கரண்ட் தண்ணி பில். அதுல வருஷ வாடகையில 5 சதவீதத்தைப் பன்னிரண்டாப் பிரிச்சு ஏத்துவாங்க. உனக்கு மாசம் 175. புதுசா வர்றவன் பில்லைப் பாத்துட்டு, "நாள் பூரா ஏசி போட்டுத் தூங்குறே"ன்னு பொண்டாட்டி மேல பாய்வான். ஏசியைத் தொடவே இல்லைன்னாலும் அந்த 175 வரும். பில்லை வரி வரியாப் படி.

பெரிய சண்டை வர்றது செக் விழுற மாசத்துல. நடுவுல ரெண்டு மாசம் கை தாராளமா இருக்கும். சீமந்தம், கூரை ஒழுகுதுன்னு ஊருக்கு அனுப்பிடுவோம். மூணாவது மாசம் செக் 10,500, சம்பளம் 7,500. அதனால சம்பளம் வந்த அன்னைக்கே 3,500ஐத் தனி அக்கவுன்ட்ல தள்ளிடு. மிச்சம் 4,000த்துக்கு அவளையும் பக்கத்துல உக்கார வெச்சுக் கணக்குப் போடு: மளிகை 900, தேவா 400, ரெண்டு பேர் போனும் மெட்ரோவும் 500, அவ கைச்செலவு 500, ஊருக்கு 1,200. கடைசி 500ஐத் தொடாதே. அவ கைச்செலவுக்குக் கணக்குக் கேக்காதே. ஊருக்கு மாசம் ஒரே தடவை அனுப்பு. ஒவ்வொரு தடவையும் எக்ஸ்சேஞ்சுல கட்டணம் பிடிப்பாங்க. அவளுக்குத் தெரியாம நடுவுல 300 அனுப்பினே, அந்த 300க்கு மூணு வருஷம் பேச்சு வாங்கலாம்.

அம்மா போன் பண்றது ராத்திரி ஒன்பதரைக்கு. இங்க எட்டு. நீ அப்பத்தான் வந்து ஷூவைக் கழட்டுவே, அவ அடுப்புல நிப்பா. "இன்னா சமைச்சா?"ன்னு அம்மா சாதாரணமாத்தான் கேக்கும். தயிர்சாதம்னு நீ சொல்லுவே. "வேலைக்குப் போய் வர்ற புள்ளைக்குத் தயிர்சாதமா?" ஸ்பீக்கர்ல இருந்துச்சுன்னா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ஞாயித்துக்கிழமை காலையிலன்னு நேரம் குறிச்சுடு. அம்மாகிட்ட அவ தனியாவும் பேசட்டும்.

இப்போ நேராச் சொல்றேன். அவ விசா உன் ஸ்பான்சர்ல இருக்கும். "கேன்சல் பண்ணி அனுப்பிடுவேன்"ங்கிறது இங்க கோவத்துல சுலபமா வாயில வர்ற வார்த்தை. ஊர்ல "உங்கம்மா வீட்டுக்குப் போ"ன்னு சொல்ற மாதிரி சொம்மா சொன்னேன்னு நீ நினைப்பே. அவளுக்கு சிம், பேங்க் கார்டு, தங்குற உரிமை எல்லாமே அந்த ஒரு காகிதம். அவ பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐ.டி. அவ பையிலதான் இருக்கணும். உன் விசாவுல இருந்துக்கிட்டே வொர்க் பர்மிட் எடுத்து வேலைக்கும் போகலாம், தடுக்காதே. வந்த மறுநாளே நோல் கார்டு, அதான் மெட்ரோ, பஸ்ல தேய்க்கிற கார்டு, வாங்கிக் குடு: 25 திர்ஹம், அதுல 19 பயணத்துக்கே. மெட்ரோவுல பொம்பளைங்களுக்குத் தனி பெட்டி உண்டு. அவளுக்கு இங்க அதுதான் ஷேர் ஆட்டோ.

இது அவளுக்கு: கை நீட்டினான்னா என் தம்பின்னு பாக்காதேம்மா. போலீஸ் 999. நம்ம தூதரகத்தோட பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, அதான் வெளிநாட்டுல இருக்கிற நம்மாளுங்களுக்கான உதவி மையம், 800 46342, காசில்லாம பேசலாம். வேற ஏதாவது பேர்ல சேவ் பண்ணி வெச்சுக்க.

தம்பி, கல்யாணத்தைப் பதிஞ்சாச்சா? நம்ம மாநிலச் சட்டத்துல 90 நாள்தான் கெடு. சர்டிபிகேட்டுக்கு முதல்ல மாநில அரசு முத்திரை, அப்புறம் வெளியுறவுத் துறை, அப்புறம் அமீரகத் தூதரகம், கடைசியில இங்க மோஃபா, அதான் அமீரக வெளியுறவு அமைச்சகம். வரிசை மாறக் கூடாது. பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு எழுதியிருக்கும், சர்டிபிகேட்ல வெறும் இனிஷியல் இருந்தா இழுத்தடிப்பாங்க; இப்பவே ஒத்துப் பாரு. ஒரிஜினலைப் பெட்டியில போடாம கைப்பையில வை.

காசிமேட்டு நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ போதும், மூணு கவர் சுத்து. ஸ்டூடியோவுல வறுத்தா துணி அலமாரி வரைக்கும் வாடை ஏறும், அதுக்கும் ஒரு சண்டை உண்டு. வறுக்கிற அன்னைக்கு நீயே வறு.

அக்கா