பிள்ளைகள் ஓட்டுப் போடும் பள்ளியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. தம்பி ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறான். வேறு விசேஷம் இல்லை. போனில் பேசினால் நீ "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்பாய், நான் "சரிம்மா" என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எந்த ஆசிரியர் அடுத்த வருஷமும் இருக்கலாம் என்று உங்கள் பள்ளிப் பிள்ளைகள் போடும் ஓட்டைப் போன வருஷம் எண்ணி முடித்த அன்றே கூப்பிட்டாய். "அடுத்த வருஷமும் நான் இருக்கேன்பா" என்று நீ சொன்னதைவிடப் பின்னால் கேட்ட பிள்ளைகள் சத்தம்தான் பெரிதாக இருந்தது. இந்த வருஷமும் அந்தத் தேதி வந்து போயிருக்கும். நான் எதையும் கேட்கவில்லை. வேலை நெருக்கடியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் உங்கள் பள்ளிக் கூட்டத்தில், மனசு சூடாக இருக்கும்போது பேசக் கை தூக்காதே. கம்ப்யூட்டர் அறைத் தீர்மானத்தைப் பற்றி நீ சொன்னபோதே இதைச் சொல்ல நினைத்தேன். நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்று நீ கொண்டுவந்தது நியாயம்தான். ஒரு பையன் காலையிலிருந்து திரையைவிட்டு எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உன்னால் முடியாது, என்னாலும் முடியாது. தீர்மானம் தோற்றதும் நியாயம்தான். அவர்களும் காரணம் சொல்லித்தானே எதிர்த்தார்கள்? தோற்ற பிறகு நீ எழுந்து என்ன பேசினாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய்.

பழைய வேலையை விட்டு நீ இந்தப் பள்ளிக்குப் போனபோது என்னிடம் படிக்கக் கொடுத்தவற்றை இப்போதுதான் பொறுமையாகப் படிக்கிறேன். அன்றைக்குப் பெரியப்பா பேசிய பேச்சுக்கு நடுவில் யாருக்குப் படிக்கத் தோன்றும்? சம்மர்ஹில் பற்றிய பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, 1927இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் லெய்ஸ்டனுக்கு வந்து சேர்ந்த பள்ளி. வகுப்புக்கு வருவதும் வராததும் பிள்ளையின் இஷ்டம். கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, பள்ளியைத் தொடங்கிய ஏ. எஸ். நீலுக்கும் ஒரு ஓட்டு. அவரே கொண்டுவந்த யோசனைகளைப் பிள்ளைகள் தோற்கடித்திருக்கிறார்கள். அவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அதை நீ கவனிக்க வேண்டும். ஆனால் ஆசிரியரை வேலைக்கு வைப்பதையும் அனுப்புவதையும் மட்டும் நீல் கூட்டத்துக்கு விடவில்லை, தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த வரியைப் படித்தபோது, இந்த மனிதருக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

உங்கள் பள்ளி அவர் வழியில் போகவில்லை. சட்பரி வேலி என்ற பள்ளியின் வழியில் போகிறது. 1968இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்கம் ஊரில் அதைத் தொடங்கியவர்கள் நீல் தன் கையில் வைத்துக்கொண்டதையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டார்கள். வருஷா வருஷம் ரகசிய ஓட்டு. நான்கு வயதுப் பிள்ளையும் போடலாம். பெரியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குத்தான் வேலை, நிரந்தரம் என்ற பேச்சே இல்லை. பள்ளியைத் தொடங்கியவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஓட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். இதைக் கேட்டுத்தான் பெரியப்பா அப்படிக் கத்தினார். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்குப் பயமெல்லாம் ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறவர்தான் ஓட்டில் விழுவார். சிரித்துப் பேசி, எதையும் கண்டுகொள்ளாமல் போகிறவர் வருஷா வருஷம் ஜெயிப்பார். பள்ளிக்கூடம் என்றில்லை, ஓட்டு இருக்கிற எல்லா இடத்திலும் உள்ள ஆபத்துதான் இது. ஆனால் இங்கே விழுவது என் மகளாக இருந்தால் நான் எப்படிப் பொதுவாகப் பேசுவது?

இதை உங்கள் ஆட்கள் யாரும் யோசிக்காமல் இல்லை, அது எனக்குத் தெரியும். தங்களுக்கு உதவாதவரைப் பிள்ளைகள் வைத்துக்கொள்ள மாட்டார்கள், கறாரான ஆள் உபயோகமாக இருந்தால் வைத்துக்கொள்வார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். சட்பரி வேலியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேனியல் கிரீன்பெர்க் எழுதிய அந்தக் கணக்கு வகுப்பு விஷயம் இதற்கு நல்ல சாட்சி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள 12 பிள்ளைகள் அவரிடம் போய்க் கணக்குச் சொல்லித்தரக் கேட்டார்கள். அவர் உடனே தலையாட்டவில்லை. வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது, இரண்டாம் தடவையும் தாமதமானால் அதோடு சரி. 20 வாரத்தில் கூட்டல் கழித்தலில் தொடங்கிப் பின்னம், தசமம், சதவீதம், வர்க்கமூலம் வரை முடித்துவிட்டார்களாம். மொத்தம் 20 மணி நேரம். காலமெல்லாம் கணக்கு நடத்தியவன் நான், என்னால் அதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை. காகிதம் எடுத்துப் பாடத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். நடக்கும். கேட்டு வந்த பிள்ளையிடம் நடக்கும். நம் வகுப்பில் பாதி நேரம் பிள்ளையைப் பாடத்துக்குக் கூட்டிவருவதிலேயே போய்விடும். அவருக்கு அந்தச் செலவு இல்லை.

கேட்காத பிள்ளை என்ன ஆகும் என்பதற்கு நீ இன்னும் எனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. சட்பரி வேலியில் படித்து முடித்தவர்களைப் பற்றி 1986இல் வெளியான ஆய்வைக் காட்டினாய். மேற்படிப்புக்குப் போனவர்கள் சிரமப்படவில்லை, பிடித்த வேலைக்குப் போயிருக்கிறார்கள், சரி. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் புத்தகம் இருந்திருக்கும், பேச்சுக்கு ஆள் இருந்திருக்கும். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் கூட்டத்தில் நாற்காலி உண்டா? இந்தக் கேள்வியை நீ அடிக்கடி நினைக்க வேண்டும். குறை சொல்வதற்காக எழுதவில்லை. பிள்ளையின் வார்த்தைக்கு மதிப்பு வேண்டும் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

நான் அங்கே வந்திருந்தபோது உன்மேல் நடந்த வழக்கை அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி புகார்த் தாள் எழுதிப் போட்டிருந்தாள். நீ பெயின்ட் பிரஷ்களைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாய், எல்லாம் காய்ந்துபோய்விட்டது என்று. புகார்களை விசாரிக்கும் பள்ளி நீதிக்குழுவில் தலைவராக இருந்த பையனுக்கு அப்போதுதான் மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. என்றைக்கு, எந்த நேரத்தில், பார்த்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு "ஆமாம், நான்தான்" என்றாய். இரண்டு நாள் ஓவிய அறைக்குள் போகக்கூடாது என்று தீர்ப்பு. எனக்கு உள்ளே எரிந்தது. முப்பதைத் தாண்டிய என் மகளை, நான் உட்கார்ந்திருக்கும்போதே இப்படியா என்று. மறுநாள் பள்ளியில் யாரும் இல்லாத நேரத்தில் அந்த அறை வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, என் கண்ணாடி உள்ளே மேஜைமேல் இருக்கு, எடுத்துத் தாங்களேன்" என்றாய். ஓர் எட்டு வைத்து நீயே எடுத்திருக்கலாம். பார்க்க ஒருவரும் இல்லை. நீ வாசல்படியைத் தாண்டவில்லை. கண்ணாடியை எடுத்து உன் கையில் கொடுத்தபோது எனக்கு உன்னை நினைத்து எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் யானுஷ் கோர்ச்சாக் என்ற போலந்து மருத்துவரைப் பற்றி நீ குறித்துக்கொடுத்ததைத் தேடிப் படித்தேன். வார்சாவில் 1912இல் திறந்த அநாதை இல்லம், அவர் நடத்தியது. அங்கே பிள்ளைகளே நீதிபதிகள், சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அவர் எழுதிவைத்த சட்டத்தில் நூறாவது பிரிவுக்கு முன்னால் உள்ளதெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லி மன்னிக்கிற பிரிவுகள். ஆறு மாதத்தில் ஐந்து தடவை தன்னையே அந்தக் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறார். ஒரு பையன் காதில் அடித்ததற்கு, ஒரு பெண் திருடினாள் என்று சந்தேகப்பட்டதற்கு. அந்த ஐந்து வழக்கும்தான் தன்னை ஒழுங்கான ஆசிரியனாக ஆக்கியது என்கிறார். பிள்ளைகள்மேல் அன்பு இருப்பதால் ஆசிரியர் அவர்களைத் துன்புறுத்தாமல் இருப்பது போதாது, ஆசிரியரிடமிருந்து அவர்களைக் காக்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. 1942 ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகளை நாஜிகள் திரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வழி இருந்தும் அவர்களோடு போனார். பிள்ளைகள்மேல் அவருக்கு அன்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவரே தன் அன்பை நம்பாமல் ஒரு கோர்ட்டை வைத்தார்.

அதைப் படித்த பிறகு உங்கள் ஓட்டைப் பற்றிய என் எண்ணம் மாறியது. பயம் போகவில்லை, எண்ணம்தான் மாறியது. நல்ல ஆசிரியரும் ஓட்டில் விழலாம் என்ற ஆபத்து இல்லாவிட்டால் அந்த ஓட்டு வெறும் விளையாட்டு. பிள்ளைகளும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்ததை நீதானே சொன்னாய்? சம்மர்ஹில்லுக்கு எதிராக வந்த அரசுத் தரப்பு இறங்கி வந்து சமரசம் பேசியபோது, அதை ஏற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் நீதிமன்றத்திலேயே கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். பள்ளியே மூடிப் போகும் நிலையிலும் வக்கீல்கள் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. அவ்வளவு பெரிய விஷயத்தில் பிள்ளைகள் சொல்வது செல்லும் என்றால், ஓர் ஆசிரியர் இருக்கலாமா கூடாதா என்பதிலும் செல்ல வேண்டும். அந்த ஆசிரியர் யாராக இருந்தாலும்.

ஆகவே எப்படி முடிந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கசப்பாக ஒரு வார்த்தை உன் வாயில் வர வேண்டாம். முக்கியமாக அந்தக் கம்ப்யூட்டர் அறைப் பையனைப் பற்றி. அவன் உனக்கு எதிராகத்தான் போட்டிருப்பான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். ரகசிய ஓட்டு. யார் போட்டார்கள் என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கூட்டத்திலும் சூடாகப் பேசாதே. சொன்னதையே சொல்கிறேன் என்று நினைப்பாய், பரவாயில்லை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து "ஆமாம், நான்தான்" என்று சொல்ல முடிந்த உனக்கு, வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியவில்லையா? பெரியப்பா காதுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறாயா? போகாது. நானும் அம்மாவும் இருக்கும்போது அவர் இந்த வீட்டில் உன்னைப் பற்றி இன்னொரு தரம் அப்படிப் பேச மாட்டார். தம்பிதான் அவரை வாசலோடு நிறுத்தினான், அது உனக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு காரியம். அங்கே வேலை பார்த்த வருஷங்களுக்கெல்லாம் அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கிவை. எந்த வருஷமும் வாங்கிவைக்க வேண்டியதுதான், இந்த வருஷம் என்று இல்லை. அப்புறம், நீ எழுதி வந்த கூட்டக் குறிப்பு நோட்டுகளை யாரிடமாவது ஒழுங்காக ஒப்படைத்துவிடு, உன் அறையிலேயே கிடக்க வேண்டாம். அவை பள்ளியின் சொத்து.

விடுமுறைக்கு வருவதாக இருந்தால் தேதியை மட்டும் தம்பிக்கு அனுப்பு, அவன் ஸ்டேஷனுக்கு வருவான். மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். எத்தனை நாள் என்று இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா