மல்லிகை எசன்ஸ் ஏன் இவ்வளவு வெளுப்பாக இருக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, கப்பலூரிலிருந்து வணக்கம்.

போன வாரம் ஊதுபத்திக்காரர்கள் மூன்று பேர் போன் செய்து, மல்லிகை எசன்ஸான பென்சைல் அசிடேட்டைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “என்னண்ணே, பென்சைல் அசிடேட் இவ்வளவு வெளுப்பா இருக்கு, தண்ணி கிண்ணி கலந்துட்டீங்களா?”

கலக்கவில்லை. கலக்கவும் முடியாது. ஒரு கண்ணாடி டம்ளரில் சரக்கை ஊற்றி, அதன் மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சரக்கு தண்ணீரைவிடச் சற்றுக் கனம். அது அடியில் தங்கிவிடும், தண்ணீர் மேலே தனியாக நிற்கும்.

மாறியது செய்முறை. மல்லிகை மணத்தின் முக்கியமான கூறுகளில் ஒன்றான இந்த எஸ்டரை, பென்சைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் ஆசிட்டையும் சேர்த்துத்தான் செய்கிறோம். 150 கிலோ எஸ்டர் உண்டாகும்போது 18 கிலோ தண்ணீரும் பிரியும். அதை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். வேகம் கொடுக்க இதுவரை சல்ஃபியூரிக் ஆசிட் ஊற்றி வந்தோம். 1895-இல் ஃபிஷர், ஸ்பேயர் என்ற வேதியியலாளர்கள் காட்டிய வழியிலிருந்து பெரிதாக விலகாத முறை.

தொல்லை அதற்கப்புறம்தான். ஆசிட் சரக்கோடு கரைந்துவிடுவதால் சலவைச் சோடா போட்டு அதைக் கொல்ல வேண்டும். 98 கிலோ ஆசிட்டுக்கு 106 கிலோ சோடா. மிஞ்சுவது 142 கிலோ உப்பு, கூடவே கழுவிய தண்ணீர். நம் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தில் அந்த உப்புத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது? நீங்கள் பழகியிருந்த அந்த லேசான பழுப்பும் தரத்தின் அடையாளம் இல்லை, ஆசிட் கருக்கிய கறை.

இப்போது கசகசா அளவில் பிளாஸ்டிக் மணிகள் வாங்கியிருக்கிறோம். அமிலம் மணியிலேயே ஒட்டியிருக்கிறது, சரக்கில் கரையாது. வேலை முடிந்ததும் வடிகட்டினால் மணி அங்கேயே நிற்கும், அடுத்த லாட்டுக்கும் அதே மணிதான். சோடாவும் இல்லை, உப்பும் இல்லை.

முதல் தடவை நாங்களே கெடுத்துக்கொண்டோம், அதையும் சொல்லிவிடுகிறோம். மணிகளை போர் தண்ணீரில் அலசினோம். வீட்டில் உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷினுக்குள் இருப்பதும் இதே சாதி மணிதான். தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதே அதன் குணம். இங்கேயும் பிடித்துக்கொண்டது. அமிலம் இருந்த இடமெல்லாம் கால்சியம் உட்கார, வினை நகரவே இல்லை. கடைசியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் குளிப்பாட்டி மீட்டோம். ஆசிட்டை ஒழிக்க வாங்கிய மணிக்கு ஆசிட் குளியல்! இப்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

இந்த மணி 120 டிகிரிக்கு மேல் தாங்காது. அதனால் அதிகச் சூடு கேட்கும் சரக்குகள், குறிப்பாக பிவிசி கம்பெனிகளுக்குப் போகும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கும் சரக்கு), பழைய முறையில்தான் வரும்.

மணி விலை அதிகம்தான். ஆனால் சோடாவும் கழிவுச் செலவும் மிச்சமாவதால் உங்களுக்கு விலையை ஏற்றவில்லை. பத்தி முக்கும் கலவையிலும் அளவை மாற்ற வேண்டாம்.

பழைய லாட்டில் ஒரு பாட்டில், புதியதில் ஒரு பாட்டில் ஆபீஸ் மேஜையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து முகர்ந்து பார்க்கலாம். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டு நேரம், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.