பத்து மணிக்குக் காட்டுக்குப் போனவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் நகர எல்லைக் காடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுப் பற்றாக்குறையைப் பற்றி அதில் சொன்னதெல்லாம் சரி. என் மகனுக்கே முப்பத்தைந்து வயதாகிறது, இன்னும் வாடகை வீட்டில்தான் காலம் தள்ளுகிறான். ஆனால் நடுவே ஒரு வரி. அந்தக் காடுகள் ஏற்கெனவே சீரழிந்துவிட்டனவாம், காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லையாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கெப்போங்கில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் ஒரு குன்று இருக்கிறது. பெரிய மரங்களை என் காலத்துக்கு முன்பே வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது இருப்பது அதன்பின் தானாக முளைத்து வளர்ந்தது. தோட்டத்து ஆள்கள் புதர்க்காட்டை 'பெலுக்கார்' என்போமே, அதைவிடக் கொஞ்சம் உயர்ந்த சாதி. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே அடுக்குமாடி கட்ட ஒரு திட்டம் வந்தது. குடியிருப்பாளர் கூட்டத்தில் அதன் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தார்கள். தலையணை தடிமன். பறவைகளுக்கு அதில் ஒரே ஒரு பக்கம். மைனா, காகம், மணிப்புறா, குயில், கொண்டைக்குருவி. எல்லாம் எங்கள் வீட்டு வேலியில் உட்காருகிறவை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், ஒரே நாள், காலை பத்து மணிக்குப் பார்வையிட்டதாகப் போட்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த லாரிக்கார அண்ணன், "பத்து மணிக்குப் போனா கோழிகூட கூவாதுங்க" என்றார். கூட்டமே சிரித்தது. அறிக்கையை விளக்க வந்த இளைஞரும் சிரித்துவிட்டார், பாவம்.

என் தங்கை மகள் பறவைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவள். இதைச் சொன்னதும் ஒரு சனிக்கிழமை வந்துவிட்டாள். நம் ஊரில் ஏழு மணிக்குத்தான் பொழுது விடியும். ஆறே முக்காலுக்கே குன்றின் அடியில் நின்றோம். "மாமா, இனிமே பேசக்கூடாது" என்றாள். முப்பத்து மூன்று ஆண்டு வகுப்பறையில் பேசியே பிழைத்தவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியாது.

வேலை எளிதாகத்தான் தெரிந்தது. ஓரிடத்தில் அசையாமல் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கேட்டது, கண்டது எல்லாவற்றையும், எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் என்று எழுத வேண்டும். பிறகு சற்றுத் தூரம் நடந்து இன்னொரு பத்து நிமிடம். அவள் பெரும்பாலும் கண்ணைப் பயன்படுத்தவே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி, காதாலேயே எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு என் அப்பா நினைவு வந்துவிட்டது. கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரை நிரையாகப் போகும்போது, எந்தக் குருவி முதலில் கத்தும், அதற்கு அடுத்தது எது என்று வரிசையாகச் சொல்வார். மணி பார்க்க அவருக்குக் கடிகாரம் வேண்டியதில்லை.

அன்று அவள் எழுதியவற்றில் துடுப்புவால் கரிச்சான் இருந்தது. வாலிலிருந்து இரண்டு நீளக் கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொடி. அது பறந்தபோது இரண்டு கருவண்டுகள் அதைத் துரத்துவதுபோலத்தான் எனக்குப் பட்டது. மார்பில் கோடு போட்ட சிலம்பன்கள் ஒரு கூட்டம். மலாய்க்காரர்கள் 'முராய் பத்து' என்று கூண்டுக்குப் பிடிக்கும் சோலைபாடி ஒன்று. அறிக்கையின் அந்த ஒரு பக்கத்தில் இவற்றில் எதுவுமே இல்லை. ஆனால் அவள் முகத்தில் பெரிய மகிழ்ச்சியும் இல்லை. "தீக்காக்கை இல்லை மாமா. ஆறுமணிக்குருவி இனத்தில் ஒன்றுகூட இல்லை. தரையில் சருகைக் கிளறித் தின்கிற சிலம்பன்களும் இல்லை" என்றாள். இருப்பதைவிட இல்லாததையே அவள் அதிகம் கணக்குப் பார்த்தாள்.

காடு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இப்படித்தான் பறவைகளிடம் கேட்கிறார்கள். எத்தனை பறவை என்பது பெரிய கேள்வியல்ல, எந்தப் பறவை என்பதே கேள்வி. பெரிய மரங்களை எடுத்துவிட்டால் மேல்கூரையில் ஓட்டை விழுகிறது. வெயில் தரைவரை இறங்கி, சருகு காய்ந்து, அதிலுள்ள பூச்சிகள் குறைந்துபோகின்றன. காட்டின் அடித்தட்டில், நிழலிலேயே பிறந்து வளர்ந்து பூச்சி தின்னும் பறவைகள்தாம் முதலில் அடிபடுகின்றன. அவற்றில் பல, லாரிப் பாதை அகலத்து வெட்டவெளியைக்கூடத் தாண்டத் தயங்கும். அதே நேரத்தில் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் வெளிச்சத்தில் பூத்துக் காய்ப்பவற்றைத் தேடி உள்ளே வந்துவிடும். வந்ததையும் போனதையும் ஒன்றாகக் கூட்டினால் இனங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறாமலே இருக்கக்கூடும். வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று வருகைப் பதிவேட்டில் எழுதிவிடலாம். பாதிப்பேர் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் என்பதைப் பதிவேடு சொல்லாது.

நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 1980-களிலேயே இதை அளந்திருக்கிறார்கள். மரம் வெட்டி ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆன பகுதியையும் வெட்டாத முதுகாட்டையும் வலைகட்டி ஒப்பிட்டார்கள். கால் நூற்றாண்டு கடந்தும், வெட்டிய பகுதியின் அடித்தட்டில் பூ, கனி, பூச்சி எல்லாம் குறைவாகவே இருந்தன. வலையில் சிக்கிய பறவைகளும் குறைவே.

அந்த வலையையும் ஒருமுறை பார்த்தேன். என் தங்கை மகள் அனுமதி பெற்று வேறொரு காட்டில் கட்டியிருந்தாள். கறுப்பு நூலில் பின்னியது, தலைமுடியைப்போல் மெல்லியது. நானே ஒரு தடவை முகத்தைக் கொடுத்துவிட்டேன். சிக்கிய பறவையை நூல் நூலாக விடுவித்துத் துணிப்பையில் போட்டு எடைபோட்டாள். இறக்கையை அளவுகோலில் வைத்து அளந்தாள். இடுக்கியால் எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டினாள். பழுப்பு நிறத்தில் ஒரு சிறு சிலம்பன். விடுமுன் என் உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை, சூடுதான் தெரிந்தது. அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் விரலுக்குள் எங்கோ பூச்சி ரீங்கரிப்பதுபோல் இருந்தது. அதே பறவை இரண்டாண்டு கழித்தும் அதே வலைப் பக்கத்தில் சிக்குவது உண்டாம். அதற்கு அந்தச் சின்ன இடம்தான் ஊர். அதை இடித்துவிட்டு, பறவைக்கென்ன, பறந்து வேறு காட்டுக்குப் போய்விடும் என்று சொல்கிறோம்.

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள், வெட்டிய காடு கெட்ட காடுதான் என்று நானே ஒப்புக்கொள்கிறேனே என்று கேட்கலாம். கெட்டது உண்மை. செத்தது பொய். நம் மலேசியத் தீபகற்பத்தின் தென்பகுதியில் செய்து 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரம் வெட்டிப் பல ஆண்டுகள் ஆறவிட்ட காடுகளில் முதுகாட்டுப் பறவை இனங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருந்ததைக் கண்டது. கிராமமும் பழத்தோட்டமும் பால்மரமும் செம்பனையும் கலந்த நிலங்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. சபாவில் இரண்டு தடவை வெட்டுப்பட்ட காடுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டவர்களும், அங்கே முக்கால் பங்குக்கு மேற்பட்ட பறவை இனங்கள் இன்னும் இருப்பதாகவே எழுதினார்கள். பெரிய வீழ்ச்சி மரம் வெட்டும்போது வருவதில்லை. காடு காடாக இல்லாமல் போகும்போதுதான் வருகிறது. 'ஏற்கெனவே சீரழிந்தது' என்ற உங்கள் வரி, காட்டையே இல்லாமலாக்கும் அந்த வீழ்ச்சிக்குத்தான் வழிவிடுகிறது.

சிலாங்கூரின் வடக்குக் கோல லங்காட் சதுப்புக்காட்டுக்கு நேர்ந்ததை உங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020-இல் அதன் பெரும்பகுதியைக் காட்டு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப் பார்த்தபோது, காடு சீரழிந்துவிட்டது, தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே தலைமுறைகளாக வாழும் தெமுவான் பழங்குடி மக்களும் பொதுமக்களும் எழுந்து நின்றதால், 2021 செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைக் கைவிட்டது.

கெப்போங்கில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வட்டாரத்து வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கும் இடம், 1920-களில் வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்தது. மரம் நட்டு, பொறுமையாகக் காத்திருந்து, அதைக் காடாக்கினார்கள். 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஈயக்குட்டைக்கே அந்த மரியாதை கிடைக்குமென்றால் எங்கள் குன்று என்ன பாவம் செய்தது?

பறவைகள் திரும்பி வருகின்றன என்று அவ்வப்போது படம் போடுகிறீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் இருவாட்சியின் படம். அது கறுப்பும் வெள்ளையுமான சிறிய வகை. ஊர் ஓரத்திலும் பிழைத்துக்கொள்ளும். நம் நாட்டில் பத்து வகை இருவாட்சிகள் இருக்கின்றன. அவற்றில் தலையில் கெட்டிக் கொம்புள்ள பெரிய வகையை 2015-லேயே மிக அபாய நிலையில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பருத்த மரத்தில் தானாக ஏற்பட்ட பொந்து வேண்டும். பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு இடுக்கு வழியாக ஆண்தான் மாதக்கணக்கில் பழம் ஊட்ட வேண்டும். பொந்துள்ள மரங்கள் போன பின்பும், ஆயுள் நீண்ட பறவை என்பதால், ஒரு ஜோடி பல ஆண்டுகள் அந்தக் காட்டின்மேல் பறந்துகொண்டுதான் இருக்கும். கணக்கெடுப்பில் அதுவும் ஏறும். குஞ்சு பொரிக்கவில்லை என்பது மட்டும் ஏறாது.

காகத்தைச் சொல்லாமல் விடமுடியவில்லை. அமாவாசைக்குச் சோறு வைக்கிறோமே, அந்தக் காகம் இந்த மண்ணுடையதல்ல. 1890-களில் கிள்ளான் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது. நம் ஆள்களைப் போலவே தோட்ட வேலைக்கு வந்ததுதான். அதனால் எனக்கு அதன்மேல் கோபமில்லை. ஆனால் ஓர் அறிக்கையின் பட்டியலில் காகம் முதலில் வந்தால், காட்டைப் பார்க்காமல் காட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

குன்றுத் திட்டம் இப்போதைக்குக் கிடப்பில் இருக்கிறது. மறுபடியும் வரும். வரும்போது உங்கள் செய்தியாளர் எழுதட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. எழுதுமுன் அறிக்கையை வாங்கிப் பறவைப் பக்கத்தை மட்டும் படிக்கட்டும். எத்தனை நாள் போனார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், பட்டியலில் தரைச் சிலம்பன் ஒன்றாவது இருக்கிறதா, இல்லாவிட்டால் தேடினார்களா என்று பார்க்கட்டும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை எங்களோடு வரட்டும். ஆறே முக்காலுக்குக் குன்றின் அடியில் இருப்போம். வெள்ளைச் சட்டை வேண்டாம். மழை பெய்த மறுநாள் என்றால் அட்டை ஏறும், நீளக் காலுறை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
கெப்போங், கோலாலம்பூர்.