நெட் மோடம் விளக்குகள்: வெள்ளி இரவுக்குள் பார்த்துச் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மழைக்குப் பிறகு பி பிளாக்கில் பல வீடுகளில் நெட் இல்லை. சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஃபைபர் லைன் பார்க்கும் தம்பி வருகிறார். அதற்குள் மோடம் விளக்குகளைப் பாருங்கள்.

1. பவர் எரியவில்லையா? அடாப்டரை வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள்.
2. பிஓஎன் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் வீடுவரை லைன் சரி.
3. எல்ஓஎஸ் (LOS) விளக்குதான் முக்கியம். சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே சரியாக வரவில்லை. ஆஃப் செய்து போட்டுப் பயனில்லை. எங்கள் வீட்டில் சோபாவுக்குப் பின்னால் மஞ்சள் ஃபைபர் வயர் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் சிவப்பு அணைந்தது.
4. இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ரீசார்ஜ் முடிந்ததா பாருங்கள்.
5. லேன், வைஃபை மின்னுவது இயல்பு.

ஃபைபரைக் கழற்றி நுனியை உற்றுப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அப்புறம், ரீசெட் துளையில் ஊசி வைக்க வேண்டாம். செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிடும்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் வீட்டு எண், எரியும் விளக்கு, அதன் நிறம் மூன்றையும் இங்கே போடுங்கள். நெட் வருகிறவர்களும் ‘சரி’ என்று ஒரு வார்த்தை போடுங்கள்.