பச்சை இருந்தும் பதர் ஏன்?

அன்பு மகள் கயல்விழிக்கு,

அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. "பயிர் அவ்வளவு பச்சையாக இருந்ததே, பதர் ஏன் இத்தனை?" என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது.

மண்ணும் உரமும்தான் நெல்லாக மாறுகின்றன என்று ஊரில் பலரும் நினைக்கிறார்கள். மணியின் எடையில் மண்ணிலிருந்து வருவது மிகச் சொற்பம். அரிசி பெரும்பாலும் மாவுச்சத்து. அதிலுள்ள கரி, அதாவது கார்பன், முழுவதும் காற்றிலிருந்து வந்தது. காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்குதான் கரியமில வாயு. அதை இலை தன் நுண்துளைகள் வழியே எடுத்துக்கொள்கிறது. பச்சையம் பிடித்த வெயில் தண்ணீரைப் பிளக்கிறது. பிரிந்த ஹைட்ரஜன் கரியமில வாயுவோடு சேர்ந்து சர்க்கரையாகிறது, ஆக்ஸிஜன் வெளியேறுகிறது. நாம் மூச்சில் இழுக்கும் அந்த ஆக்ஸிஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று 1941-இல் கன ஆக்ஸிஜனை, அதாவது எடை கூடிய ஆக்ஸிஜன் வகையைக் கொண்டு, விஞ்ஞானிகள் காட்டினார்கள். நம் வயலில் அது வெண்ணாற்றுத் தண்ணீர். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேனி சிலிர்க்கிறது, அம்மா.

பதருக்கு வருகிறேன். மணியில் ஏறும் மாவில் பெரும்பகுதி, கதிர் பூத்த பிறகு ஏறத்தாழ 30 நாளில் உண்டாவது. தண்டில் முன்பே சேர்ந்த இருப்பு கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவே. உச்சியில் நிற்கும் கண்ணாடி இலையும் அதையடுத்த இலைகளும்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. இந்த முறை சம்பா பூத்த நேரம் பார்த்து மார்கழி மூட்டம் போட்டது. வெயில் இல்லை, சர்க்கரை இல்லை. பால் பிடிக்காத மணிகள் வெறும் உமியாக நின்றுவிட்டன. போதாததற்கு இலைச்சுருட்டுப் புழு. இலையை மடித்து உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்றதில், கண்ணாடி இலையெல்லாம் வெள்ளைக் கோடு. தழைச்சத்து மிஞ்சிய பயிரை அந்தப் புழு தேடி வரும். யூரியா தருவதும் அந்தத் தழைச்சத்தைத்தான். அதனால் யூரியாவுக்கு நீ பணம் அனுப்ப வேண்டாம். பூத்தபின் வெயிலும் பழுதில்லாத இலையும் கிடைக்காவிட்டால், எவ்வளவு பச்சை இருந்தும் நெல் ஏறாது.

அடுத்த சம்பாவுக்கு மத்திய கால ரகமாகப் பார்த்து, நாற்று விடுவதைச் சற்றுத் தள்ளிப்போட நினைக்கிறேன். மழை ஓய்ந்தபின் பூக்கட்டும். அதிகம் தள்ளவும் முடியாது. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். அதற்குள் கதிர் முற்றியாக வேண்டும். கோடையில் நீ வரும்போது பஞ்சாங்கத்தையும் மழைக் கணக்கையும் வைத்து, இருவரும் நாள் குறிப்போம்.

அன்புடன்,
அப்பா
வலங்கைமான்